வாசகர் கேள்வி பதில்: பழைய மரவள்ளத்தை வச்சுப் பாக்கிறது எப்பிடி?

இந்தமுறை வந்த கேள்வியளில கனக்க ஒரே விசயத்தைச் சுத்தித்தான், பழைய மரவள்ளம். திருத்திறதோ விக்கிறதோ, கசிவை எப்பிடி அடைக்கிறது, புழு வந்தா என்ன செய்யிறது எண்டு. அதால மற்றக் கேள்வியளை அடுத்த இதழுக்குத் தள்ளிப்போட்டு இதை மட்டும் எடுக்கிறன். கேட்ட ஆக்களின்ர பேர் போடேல்லை, ஊர் மட்டும் போட்டிருக்கு.

காரைநகர் வாசகர்: ஐயா, அப்பப்பாவின்ர மரவள்ளம் ஒண்டு கனகாலமா எங்கட வளவுக்க பூவரசுக்குக் கீழ கிடக்கு. மேல பாத்தா மரம் நல்லா இருக்கிற மாதிரித்தான் தெரியுது. திருப்பிக் கடலில இறக்க ஆசை. இறக்கலாமோ இல்லை விறகுக்குத்தான் சரியோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

பதில்: தம்பி, மேல பாத்து ஒண்டும் முடிவெடுக்காதேங்கோ. மரவள்ளம் உள்ளுக்கயிருந்துதான் உக்கும், அதுவும் கடல்தண்ணியால உக்கிறது குறைவு, மழைத்தண்ணியாலதான் கூட. கனபேர் இதைச் சொன்னா நம்பமாட்டினம். மரத்தை உக்கப்பண்ணுற பூஞ்சணத்துக்கு ஈரமும் காத்தும் வேணும், மரத்தில 20 வீதத்துக்கு மேல ஈரம் நிண்டுகொண்டே இருந்தா அது வேலையைத் தொடங்கிடும், ஆனா உப்பு ஊறின மரத்தில அதுக்கு லேசில பிடிக்காது. அதாலதான் தொழிலில நிக்கிற வள்ளத்தைவிட வளவுக்க கிடக்கிற வள்ளம் கெதியா உக்கிப்போகும். பூவரசுக்குக் கீழ எண்டு சொல்லுறியள், நிழல் நல்லதுதான், ஆனா அந்த இலையெல்லாம் உள்ளுக்க விழுந்து ஒவ்வொரு மாரிக்கும் மழைத்தண்ணி அதுக்க தேங்கி நிண்டிருக்கும், முதலில அந்தக் குப்பையை முழுக்க அள்ளிப்போட்டு நாலைஞ்சு நாள் காயவிடுங்கோ.

காய்ஞ்சாப்பிறகு ஒரு கூரான ஸ்குறூட்றைவரும் சின்னச் சுத்தியலும் எடுத்துக்கொண்டு உள்ளுக்க இறங்குங்கோ. பலகையில தொடங்காதேங்கோ, ஏராவில, அதாவது அடியில நீளப்பாட்டுக்கு ஓடுற முதுகெலும்புக் கட்டையில தொடங்குங்கோ. ஏராக்கட்டையின்ர மேல்பக்கம், அதில வங்கு (பலகையளைத் தாங்கிற வளைஞ்ச விலாக்கட்டை) வந்து குந்துற இடம், அணியத்துக்கு (முன்பக்கத்துக்கு) உள்பக்க மூலை, இந்த மூண்டு இடத்திலயும்தான் தண்ணி தேங்கும். சுத்தியலால தட்டிக்கொண்டு போங்கோ, நல்ல மரம் கணீரெண்டு கேக்கும், உக்கின மரம் தொப்பெண்டு கேக்கும், ஒருக்கா வித்தியாசம் காதில விழுந்தா பிறகு மறக்காது. சந்தேகம் வந்த இடத்தில ஸ்குறூட்றைவரைக் குத்துங்கோ, கொஞ்சமும் இறங்காட்டி சரி, கேக்குக்க போற மாதிரி இறங்கினா அந்தத் துண்டு போச்சு. பெயின்ற் கனக்க அடிச்சிருந்தா அதுக்குக் கீழயும் பாக்கவேணும், பழைய பெயின்ற்தான் கனக்கப் பேரை ஏமாத்துறது.

இனி முடிவு. ஏராவும் வங்குகளில கூடப்பங்கும் நல்லா இருந்தா பலகை எத்தினை போயிருந்தாலும் அந்த வள்ளத்தைக் காப்பாத்தலாம், நான் இதைத் துணிஞ்சு சொல்லுவன். பலகை எண்டது மாத்துறதுக்காகவே வச்சது. ஆனா எல்லாப் பலகையையும் ஒரேயடியாக் கழட்டிப்போடாதேங்கோ, அப்பிடிக் கழட்டினா வள்ளம் தன்ர உருவத்தை விட்டிடும், வங்குகள் விரியும் சரியும், பேந்து எந்தப் பலகையும் பொருந்தாது. ஒரு பலகையைக் கழட்டினா அந்த இடத்துக்குப் புதுசைப் போட்டு முடிச்சிட்டுத்தான் அடுத்ததில கைவைக்கிறது. பக்கத்துப் பக்கத்துப் பலகையளில மூட்டு ஒரே நேருக்கு வராமலும் பாத்துக்கொள்ளுங்கோ, அந்த இடம் பலமில்லாமல் போகும்.

ஏராவே போயிட்டுது எண்டா? அப்பவும் விறகுக்குக் குடுக்காதேங்கோ தயவுசெய்து. முதலில அதின்ர அளவுகளை எடுங்கோ, நீளம், அகலம், ஒவ்வொரு வங்கின்ர வளைவும். மட்டையை வெட்டி வளைவோட பிடிச்சுப் பாத்து எடுத்தாக் காணும். உங்கட அப்பப்பா காலத்து ஓடாவிமார் (வள்ளம் கட்டுற தச்சர்மார்) பிளான் கீறி வள்ளம் கட்டினவை இல்லை, கண்ணும் கையும்தான் அவைக்குப் பிளான், அந்த வளைவு இப்ப அந்த வள்ளத்தில மட்டும்தான் இருக்கு. அதை எரிச்சா அதோட சரி.

பாசையூர் வாசகர்: வள்ளம் இறக்கினவுடன பலகை நீக்கலால தண்ணி குபுகுபு எண்டு வருது. ஹாட்வெயார் கடையில சிலிக்கோன் ரியூப் வாங்கி அடைச்சன், ஒரு கிழமையில உரிஞ்சு போச்சு. என்ன செய்யலாம்?

பதில்: அண்ணை, சிலிக்கோன் வேண்டாம். ஈர மரத்தில அது பிடிக்காது, அதைவிடப் பெரிய கரைச்சல் என்னெண்டா அது பட்ட இடத்தில பிறகு பெயின்ற்றும் பிடிக்காது, வேற ஒண்டும் பிடிக்காது. இப்ப முதல் வேலை அதை ஒட்டுமொத்தமாச் சுரண்டி எடுத்து அந்த இடத்தைத் தேய்ச்சு நல்ல மரம் தெரிய விடுறதுதான், அதுக்குக் கொஞ்சம் மினக்கெடவேணும்.

ஆனா அதுக்கு முதல் ஒரு கேள்வி, வள்ளம் எவ்வளவு காலம் கரையில காய்ஞ்சு கிடந்தது? சோளகக் காத்தும் (தென்மேல்காத்து) ஆவணி வெயிலும் சேர்ந்தா பலகை சுருங்கத்தான் செய்யும். மரம் நீளப்பாட்டுக்குச் சுருங்கிறது கண்ணுக்குத் தெரியாத அளவுதான், அகலப்பாட்டுக்குத்தான் சுருங்கும், அதாலதான் பலகைக்கும் பலகைக்கும் இடையில நீக்கல் விழுது. திருப்பித் தண்ணி குடிச்சா அதே பலகை ஊதி நீக்கலை அதுவே மூடும். அதால காய்ஞ்ச வள்ளத்தை இறக்கின அண்டைக்கே கசியுது எண்டு பதறக்கூடாது. கரையோரத்தில ஆழமில்லாத இடத்தில கட்டி, எஞ்சினைக் கழட்டி வச்சிட்டு, தண்ணி நிரம்பினா நிரம்பட்டும் எண்டு ரண்டு மூண்டு நாள் விடுங்கோ, பிறகு இறைச்சுப்போட்டு எவ்வளவு வருது எண்டு பாருங்கோ. அப்பவும் வந்தாத்தான் அது உண்மையான கசிவு.

உண்மையான கசிவுக்கு கலப்பத்து, அதாவது நீக்கலுக்க பஞ்சு அடிச்சு அடைக்கிறதுதான் மருந்து, வேற குறுக்கு வழியில்லை. பழைய பஞ்சையும் பழைய பூச்சையும் கொக்கி மாதிரி ஒரு ஆயுதத்தால இழுத்து எடுத்து நீக்கலைத் துப்பரவாக்கி, பஞ்சைத் திரியா முறுக்கி, கலப்பத்து உளியால கொட்டாப்புளி (மரச்சுத்தியல்) பிடிச்சுக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கவேணும். இதில பிழைக்கிற இடம் ஒண்டு இருக்கு, வடிவாக் கவனியுங்கோ. வள்ளம் எலும்பு காய்ஞ்ச மாதிரிக் காய்ஞ்சு நீக்கல் பெரிசா இருக்கேக்க, அந்தப் பெரிய நீக்கலை முட்ட முட்டப் பஞ்சு அடிச்சு நிரப்பினா, இறக்கினாப்பிறகு பலகை ஊதும், ஊத இடமில்லை, அப்ப என்ன நடக்கும், ஆணியைப் பிடுங்கும் அல்லது வங்கை வெடிக்கப்பண்ணும். தண்ணியை மறிக்கிற வேலையை மரம்தான் செய்யவேணும், பஞ்சு அதுக்கு உதவிக்குத்தான். அதால கலப்பத்து அடிக்கிறதுக்கு முதல் நாலைஞ்சு நாள் ஈரச் சாக்குப் போட்டு மூடிப் பலகையைக் கொஞ்சம் ஊறவிட்டு அடிக்கிறது நல்லம்.

பஞ்சுக்கு மேல பூசுறதுக்கு எங்கட ஆக்கள் குங்கிலியத்தை இடிச்சு எண்ணெயில காய்ச்சின பூச்சுத்தான் பாவிச்சவை. புன்னை எண்ணெய் கிடைச்சா திறம், இல்லாட்டித் தேங்காய் எண்ணெய். காய்ச்சிறதை வெளியில, காத்துக்கு மறைவான இடத்தில, சின்ன நெருப்பில செய்யுங்கோ, அது டக்கெண்டு பத்திக்கொள்ளும், தண்ணி ஊத்தி அணைக்கப்போகவும் கூடாது, பக்கத்தில ஒரு வாளி மணல் கட்டாயம் இருக்கவேணும். இப்ப ரியூபில வாற பொலியூறிதேன் சீலரும் சிலபேர் பாவிக்கினம், தண்ணிமட்டத்துக்கு மேல இருக்கிற நீக்கலுக்கு அது பரவாயில்லை, ஆனா அடுத்தமுறை கலப்பத்து அடிக்கேக்க அதை எடுக்கிறது பெரிய வில்லங்கம். கீழ்ப்பலகைக்கு நான் பழைய முறையைத்தான் சொல்லுவன், ஏனெண்டா அதைத் திருப்பி எடுத்துத் திருப்பிப் போடலாம்.

ஊர்காவற்றுறையிலயிருந்து ஒரு சகோதரி: ஐயா, என்ர வீட்டுக்காரர் மாமாவின்ர பழைய மரவள்ளத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையெண்டா அதோடதான். பெயின்ற், எண்ணெய், ஆணி எண்டு காசும் போகுது. வித்துப்போட்டு ஒரு பைபர் போட் வாங்கச் சொன்னா கோவிக்கிறார். நான் கேக்கிறது பிழையோ?

பதில்: பிழையே இல்லைத் தங்கச்சி. குடும்பத்தை நடத்திறவைக்குத்தான் எந்தக் காசு எங்க போகுது எண்டு தெரியும். பைபர் போட் லேசு, ரண்டு பேர் மூண்டு பேர் சேர்ந்து இழுத்து ஏத்தலாம், வெயிலில கிடந்தாலும் நீக்கல் விழாது, கலப்பத்து இல்லை, புழு இல்லை. காரைநகர் சீநோர் படகுத் தொழிற்சாலையில பைபர் போட் கட்டத் தொடங்கினதில இருந்தே எங்கட கடற்கரையளில மரம் குறையத் தொடங்கிட்டுது, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு உதவியா வந்ததும் கூடப்பங்கு பைபர்தான். தொழிலுக்குப் போற ஒரு மனுசன் பைபர் வாங்கினா அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது.

ஆனா உங்கட வீட்டுக்காரற்ற பக்கத்தையும் நான் சொல்லவேணும், ஏனெண்டா அந்த ஞாயிற்றுக்கிழமையள் எனக்கு விளங்குது. மரவள்ளம் பாரம், அந்தப் பாரத்தால அது தண்ணிக்க அமந்து போகும், அலையில அடிபட்டுத் துள்ளாது, பாய் போட்டா எஞ்சின் சத்தமில்லாமல் ஊர்காவற்றுறையிலயிருந்து எழுவைதீவுப் பக்கம் போறது ஒரு தனிச் சுகம், தண்ணி பலகையில உரசிப்போற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு போகலாம். அதைவிட, அதில உடையிற எதையும் ஊருக்குள்ளேயே திருத்தலாம், மரமும் இஞ்ச, கையும் இஞ்ச. 2022 ஆகஸ்டில மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில இருந்து ஒரேயடியா 340 ரூபாவுக்குப் போச்சே, அப்ப எஞ்சினை மட்டும் நம்பியிருந்த ஆக்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும்தானே. பாய் கட்டத் தெரிஞ்ச வள்ளம் ஒண்டு வீட்டில இருக்கிறது வீண் சிலவு எண்டு நான் சொல்லமாட்டன். யுத்தகாலத்தில எண்ணெய்த் தடை இருக்கேக்கயும் பாயும் துடுப்பும்தான் கனக்க அடுப்பை எரிய வச்சது.

அதால நான் சொல்லுறது இதுதான். விக்கவேண்டாம், ஆனா கணக்கு வையுங்கோ. வருசத்துக்கு வள்ளத்துக்கு இவ்வளவுதான் எண்டு ரண்டு பேரும் இருந்து கதைச்சு ஒரு தொகையை ஒதுக்குங்கோ, அதுக்கு மேல போகேலாது. மரவள்ளத்தில காசு கரையிறது கூட, செய்யவேண்டிய சின்ன வேலையைப் பின்போட்டு அது பெரிய வேலையா மாறினாப்பிறகுதான். ஒரு பலகையில கையளவு இடம் உக்கினதைக் கண்டவுடன வெட்டித் துண்டு போட்டா அரைநாள் வேலை. அதை ரண்டு மாரி விட்டா பக்கத்து வங்கும் போயிடும், அப்ப ஓடாவியாருக்கு ஒரு கிழமைக் கூலி. ஞாயிற்றுக்கிழமையில அவர் அங்க போய் நிக்கிறது உண்மையில உங்கட காசை மிச்சப்படுத்திறதுதான். பிள்ளையளையும் அவரோட அனுப்பிவிடுங்கோ, சுரண்டுற வேலைக்குக் கை கனக்க வேணும், கைபேசியில இருக்கிறதைவிட எவ்வளவோ நல்லது. ஏலுமெண்டா நீங்களும் ஒருக்கா பாயில போய்ப்பாருங்கோ, பிறகு எனக்கு எழுதுங்கோ.

நாவாந்துறை வாசகர்: பழைய மரவள்ளத்துக்கு வெளியால பைபர் அடிச்சா கசிவெல்லாம் ஒரேயடியா நிண்டிடும் எண்டு சொல்லுகினம். செய்யலாமோ?

பதில்: பலகை வச்சு ஆணி அடிச்ச வள்ளத்துக்கு வேண்டவே வேண்டாம். அந்த வள்ளம் ஒவ்வொரு அலைக்கும் அசையும், ஈரத்தில ஊதும், வெயிலில சுருங்கும், பைபர் அசையாது. சாதாரண பொலியெஸ்ரர் ரெசின் மரத்தில பிடிக்கிறதும் குறைவு. ஒரு வருசம் ரண்டு வருசம் நல்லா இருக்கும், பிறகு எங்கயாவது ஒரு இடத்தில விட்டுப்போய் அதுக்கால தண்ணி உள்ளுக்க போய் மரத்துக்கும் பைபருக்கும் இடையில நிக்கும், வெளியில வர வழியில்லை, கண்ணுக்கும் தெரியாது, வெளிய வழுவழுவெண்டு இருக்கேக்க உள்ளுக்க மரம் மண்ணாப்போயிருக்கும். இன்னும் ரண்டு மூண்டு வருசம் மட்டும் ஓடினாக் காணும், பிறகு எறியத்தான் போறன் எண்டு முடிவெடுத்த ஆள் செய்யலாம். வச்சிருக்க நினைக்கிற ஆள் செய்யக்கூடாது.

மண்டைதீவு வாசகர்: வள்ளத்தின்ர கீழ்ப்பலகையில குண்டூசி குத்தின மாதிரிச் சின்னச் சின்ன ஓட்டை. புழு எண்டு சொல்லுகினம். ஓட்டையை மெழுகால அடைச்சாக் காணுமோ?

பதில்: காணாது. அது கப்பல்புழு. புழு எண்டு சொல்லுறம், உண்மையில அது மட்டி, சிப்பி இனத்தைச் சேர்ந்த சீவன், தலையில இருக்கிற ரண்டு சின்ன ஓட்டாலதான் மரத்தை அராவும். குஞ்சா இருக்கேக்க கடலில மிதந்து வந்து மரத்தில ஒட்டி உள்ளுக்க போகும், போற வாசல் குண்டூசி அளவுதான், உள்ளுக்க போனாப்பிறகு விரல் மொத்தத்துக்கும் வளரும், எங்கட மாதிரிச் சூடான கடலில ஒரு அடிக்கு மேலயும் நீளும். வெளியில நாலு ஓட்டை தெரிஞ்சா உள்ளுக்க பலகை முழுக்கச் சல்லடையா இருக்கலாம், அதால முதல் தட்டிப்பாருங்கோ, முழுக்கப் போன பலகையெண்டா மாத்தத்தான் வேணும்.

அதைக் கொல்லுறதுக்கு வழி காயப்போடுறதும் நல்லதண்ணியும்தான். ஆனா ஒண்டு ரண்டு நாள் கரையில ஏத்தி வச்சிட்டு செத்திருக்கும் எண்டு நினைச்சு இறக்காதேங்கோ, அது தன்ர வாசலை உள்ளுக்கயிருந்து மூடிக்கொண்டு கிழமைக்கணக்காக் கிடக்கும். ஒரு மாதத்துக்கு மேல கரையில விட்டுக் காயவிடவேணும். காயுறதும் வேணும் நீக்கல் கூட விழவும் கூடாது எண்டா கிடுகால மேல மூடி நிழலில காயவிடுங்கோ, காத்து மட்டும் நல்லாப் போய்வரட்டும்.

திருப்பி வராமல் இருக்க, கீழ்ப்பலகைக்குச் செம்பு கலந்த கடல்பெயின்ற் அடிக்கவேணும், சாதாரண வீட்டுப் பெயின்ற் இல்லை. பெயின்ற்றில ஒரு கீறல் இருந்தாலும் குஞ்சு அதுக்கால போகும், அதால வள்ளத்தை மணலில இழுத்து ஏத்தி இறக்கிற ஆக்கள் அடிப்பக்கத்தை அடிக்கடி பாத்துத் தொட்டுத் தொட்டு அடிச்சுக்கொள்ளுங்கோ. இன்னொண்டு, நல்ல வைரம் பாய்ஞ்ச மரத்தில அது மெல்லத்தான் போகும், வைரத்துக்கு வெளியால இருக்கிற வெள்ளைமரத்தை ஒரு பருவத்திலயே முடிச்சிடும். புதுப்பலகை வாங்கேக்க ஓரத்தில வெள்ளைமரம் இருக்கோ எண்டு பாத்து வாங்குங்கோ, விலை குறைவெண்டு அதை எடுக்கிறது பேந்து அழுறதுக்குத்தான்.

வல்வெட்டித்துறையைச் சேர்ந்த, இப்ப கனடாவில இருக்கிற வாசகர்: ஊரில எங்கட வீட்டு முத்தத்தில ஒரு பழைய வள்ளத்தை நினைவா வச்சிருக்க விருப்பம். கடலில இறக்கிற எண்ணமில்லை. அப்பிடியே வச்சா கனகாலம் இருக்குமோ? எங்கட ஊரில வேப்பமரத்தில கப்பல் கட்டினது எண்டு அம்மம்மா சொல்லுறவா, அது உண்மையோ?

பதில்: ரண்டாவது கேள்வியைத்தான் முதல் எடுக்கிறன், எனக்கு அதைப்பற்றிக் கதைக்கச் சரியான விருப்பம். அம்மம்மா சொன்னது உண்மை. அன்னபூரணி எண்ட கப்பலை உங்கட ஊரிலதான் 1930 இல கட்டினவை, 89 அடி நீளம், வேப்பமரம். அமெரிக்கரான வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் அதை வாங்கி, ஃபுளோரன்ஸ் சி. ரொபின்சன் எண்டு பேர் மாத்தி, வல்வெட்டித்துறை மாலுமியள் அதை ஓட்டிக்கொண்டு போய் சுயஸ் கால்வாய் தாண்டி அத்திலாந்திக்கையும் தாண்டி 1938 ஆகஸ்ட் 1 இல அமெரிக்காவில குளொஸ்டர் துறையில கொண்டுபோய் விட்டவை. எங்கட கடற்கரையில, எங்கட ஓடாவிமாரின்ர உளி பட்ட வேம்பு அத்திலாந்திக்கைக் கடந்திருக்கு. வேப்பமரத்தை வீட்டுக் கதவுக்கும் உரலுக்கும் மட்டும்தான் எண்டு நினைக்கிற பிள்ளையளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கோ, ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலயும் சொல்லவேணும் எண்டது என்ர ஆசை.

இனி முத்தத்து வள்ளம். சும்மா வச்சிருக்கிறதுதான் தம்பி மரவள்ளத்துக்குச் செய்யக்கூடிய ஆகக் கூடாத வேலை. இருந்தாலும் வைக்கத்தான் போறியள் எண்டா சில விசயம் சொல்லுறன். கட்டாயம் மேல கூரை வேணும், ஓடோ கிடுகோ தகரமோ ஏதோ ஒண்டு, பக்கம் திறந்திருக்கட்டும். ரென்ற் துணியையோ பொலித்தீனையோ வள்ளத்தில ஒட்டிப் போத்தாதேங்கோ, உள்ளுக்க வேர்த்து உக்கும். நிலத்தில நேரா வைக்காதேங்கோ, கறையான் வந்திடும், சீமெந்துக் கட்டைக்கு மேல ஏராவை மூண்டு நாலு இடத்தில தாங்கி வச்சு, ரண்டு பக்கமும் முட்டுக் குடுங்கோ. அணியத்திலயும் பின்பக்கத்திலயும் மட்டும் தாங்கினா நடு தொய்ஞ்சு போகும், ஒருக்காத் தொய்ஞ்சா பிறகு நிமித்தேலாது. அடைப்புக்கட்டையைக் கழட்டி விடுங்கோ, தூவானத் தண்ணி வந்தாலும் வடிஞ்சு போகட்டும். வருசத்துக்கு ஒருக்கா ஆரையாவது கொண்டு எண்ணெய் பூசுவியுங்கோ. உள்ளுக்க மண் போட்டுப் பூக்கண்டு நடவேண்டாம், கனக்க இடத்தில அப்பிடிச் செய்திருக்கினம், எனக்கு அதைக் காண நெஞ்சு பொறுக்கிறேல்லை.

ஆனா ஒண்டு கேக்கிறன், ஊரில ஓடத்தெரிஞ்ச ஆர் கையிலயாவது குடுத்து அதைக் கடலில நிக்க விட்டா என்ன? நீங்கள் லீவில வரேக்க ஏறிப் போகலாம்தானே.

பருத்தித்துறை வாசகர்: எவர்சில்வர் ஆணி துருப்பிடிக்காது எண்டு கடையில சொல்லுகினம். பழைய வள்ளத்துக்கு அதையே போடலாமோ?

பதில்: தண்ணிமட்டத்துக்கு மேல போடலாம். கீழ, ஈர மரத்துக்க காத்துப்படாமல் கிடக்கிற இடத்தில எவர்சில்வரும் அரிக்கும், வெளியில தலை பளபளவெண்டு இருக்க உள்ளுக்க கழுத்து மெலிஞ்சுபோய் நிக்கும். கீழுக்கு செப்பாணி, இல்லாட்டி நாகத்தை உருக்கி அதுக்க தோய்ச்செடுத்த கல்வனைஸ் ஆணி, மேல மெல்லிசாப் பூசினது இல்லை. முக்கியமா, பழைய வள்ளத்தில ஏற்கனவே என்ன இருக்கோ அதையே போடுங்கோ. செம்பும் இரும்பும் பக்கத்தில பக்கத்தில உப்புத்தண்ணிக்க இருந்தா ரண்டுக்கும் இடையில சின்னக் கரண்ட் ஓடி இரும்பு கரைஞ்சுபோகும், ஆணியைச் சுத்தியிருக்கிற மரமும் கறுத்து மெதுமையாகும். ஆணி அடிக்கிறதுக்கு முதல் தமரால துளை போடுங்கோ, பழைய பலகை ஓரத்தில லேசா வெடிக்கும்.

குறிகட்டுவானிலயிருந்து: மரத்துக்கு லின்சீட் எண்ணெய் பூசுறம். பூசின துணியை எங்க வைக்கிறது? பக்கத்து வீட்டுக்காரர் அது தானாப் பத்தும் எண்டு பயமுறுத்துறார்.

பதில்: பயமுறுத்தேல்லை, உண்மையைத்தான் சொல்லுறார். லின்சீட் எண்ணெய் காயேக்க சூட்டை வெளிவிடும், துணியைச் சுருட்டி ஒரு மூலையில போட்டா அந்தச் சூடு வெளியில போகேலாமல் கூடிக்கூடி நெருப்பாகும். துணியை ஒவ்வொண்டா விரிச்சு வெளியில கொடியில காயப்போடுங்கோ, அல்லது தண்ணி வாளிக்க அமத்தி வையுங்கோ. வாடிக்க (கடற்கரைக் கொட்டிலுக்க), வலைக்குப் பக்கத்தில சுருட்டி வைக்கவே வேண்டாம்.

தாளையடி வாசகர்: எந்த மாதத்தில ஏத்தித் திருத்தினா நல்லது?

பதில்: உங்கட வடமராட்சி கிழக்குக்கு வாடைக்காத்து தொடங்கிக் கடல் பொங்கினா வள்ளம் எப்பிடியும் கரையிலதான், ஆனா அது மாரி, மழையில பெயின்ற்றும் அடிக்கேலாது கலப்பத்தும் சரிவராது. அதால மரவேலையை மாரியில கொட்டிலுக்குக் கீழ வச்சுச் செய்யுங்கோ, பலகை மாத்துறது, வங்கு மாத்துறது எல்லாம். தை பிறந்து மழை விட்டு மரம் ஒரு கொஞ்சம் காய்ஞ்சவுடன, வெயில் உறைக்கத் தொடங்க முதல், கலப்பத்தும் பெயின்ற்றும். தீவுப்பக்கத்து ஆக்களுக்கு சோளகத்திலதான் கடல் கரைச்சல் குடுக்கும், அவை வைகாசிக்குப் பிறகு ஏத்தினா வெயிலுக்கு மறைப்புக் கட்டி வச்சுத்தான் வேலை செய்யவேணும். எப்ப ஏத்தினாலும் ஏத்தின அண்டைக்கே ஈரம் காய முதல் அடிப்பக்கத்தைச் சுரண்டிப்போடுங்கோ, சிப்பியும் பாசியும் காய்ஞ்சு இறுகினாப்பிறகு சுரண்ட மூண்டு மடங்கு பாடு.

குருநகர் வாசகர், வயது 19: எனக்கு வள்ளம் கட்டுற வேலை பழக விருப்பம். வீட்டில பைபர் காலத்தில இதென்ன வேலை எண்டு ஏசுகினம். எங்க போய்ப் பழகிறது?

பதில்: தம்பி, இந்தமுறை வந்த கடிதங்களில எனக்கு ஆகச் சந்தோசம் தந்தது உம்மட கடிதம்தான். மேல இருக்கிற கேள்வியளைப் பாரும், ஒவ்வொண்டிலயும் ஒரு ஓடாவி தேவைப்படுறார், இருக்கிறவைக்கோ வயசு போட்டுது. வேலை இல்லாமல் போகாது. அதோட மரவேலை பழகின கை வீட்டுக் கதவு நிலைக்கும் தளபாடத்துக்கும் கூட உதவும், வீட்டில அதைச் சொல்லிப்பாரும்.

பள்ளிக்கூடம் தேடாதையும். உமக்குப் பக்கத்திலயே குருநகரிலயும் பாசையூரிலயும் பழைய வேலை தெரிஞ்ச ஐயாமார் இருப்பினம், ஆர் எண்டு கரையில நிக்கிற பெரியாக்களிட்டக் கேட்டாச் சொல்லுவினம். போய் உடன பழக்கிவிடுங்கோ எண்டு கேக்கவேண்டாம், சுரண்டுற வேலை, பழைய பஞ்சு இழுக்கிற வேலை இருந்தா நான் வாறன் எண்டு சொல்லும், அந்த வேலைக்கு வேண்டாம் எண்டு சொல்லுற ஓடாவியை நான் காணேல்லை. பழைய பஞ்சை இழுக்கேக்கதான் முந்தின ஆள் எப்பிடி அடிச்சார், எங்க இறுக்கினார், எங்க விட்டார் எண்டு விரலுக்குத் தெரியவரும். அவர் சம்மதிச்சா கைபேசியில வீடியோ எடுத்து வையும், முக்கியமா வங்குக்கு மரம் தெரியேக்க, இயல்பா வளைஞ்ச கொப்பை அவர் எப்பிடிப் பாத்துத் தெரியிறார் எண்டதை, ஏனெண்டா நேர்மரத்தை வெட்டி வளைவாக்கினா நார் அறுந்து பலம் போயிடும், வளைஞ்ச கொப்பில நார் வளைவோடயே ஓடும். கொப்பைப் பாத்தவுடன எந்த வங்குக்கு ஆகும் எண்டு சொல்லுற கண் அவருக்கு இருக்கும், அதை எழுதிப் பழக்கேலாது.

ஆயுதம் எல்லாம் ஒரேயடியா வாங்கவேண்டாம். நல்ல உளி ரண்டு, ஒரு இழைப்புளி, ஒரு வாள் காணும். கொட்டாப்புளியை மட்டும் கடையில வாங்காமல் புளியமர வைரத்தில நீரே செய்துகொண்டு போம், அதை வாங்கிப் பாத்தாலே அவருக்கு உம்மட கை விளங்கிடும்.